மாக்கர் விட்ட அரைச்சுற்று

தம்பி, முதல்லயே சொல்லிப்போடுறன், எனக்கு இந்தப் பேய், பிசாசு, ஆவி ஒண்டிலயும் நம்பிக்கை இல்ல. இப்பவும் இல்லையெண்டுதான் சொல்லுவன், ஆனா முந்தி மாதிரிச் சத்தமாச் சொல்லமாட்டன். துறைமுகத்தில இருபத்தாறு வருஷம் கிரேன் மெக்கானிக்கா இருந்தனான். நட்டும் போல்ட்டும்தான் என்ர சீவியம். அந்த இருபத்தாறு வருஷத்தில நான் வடிவாப் படிச்சது ஒண்டே ஒண்டு. நட்டு தானாக் கழரும். அதிர்ச்சியில கழரும், உப்புக்காத்தில கழரும், கவனிக்காம விட்டாலே கழரும். ஆனா தானா இறுகாது. இதை மட்டும் மனசில வைச்சுக்கொண்டு கேளுங்கோ. நம்பினா நம்புங்கோ, இல்லாட்டித் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போங்கோ, நான் கோவிக்கமாட்டன்.

மற்ற ஆக்களுக்கு இப்பிடியான விஷயம் நடுச்சாமத்தில, நாய் ஊளையிடேக்க நடக்கும். எனக்கு நடந்தது பட்டப்பகல்ல, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில என்ர சொந்த வீட்டில, மத்தியானச் சோறு சாப்பிட்டு ஏப்பம் விட்ட நேரத்தில. நாய் கூட நித்திரை.

நான் பழைய டெனிஸ் ரக்கெட் சேர்க்கிறனான். ஓம், மரத்தால செய்த, அந்தக் காலத்து ரக்கெட். டெனிஸ் விளையாடத் தெரியுமோ எண்டு கேக்காதேங்கோ, தெரியாது. இது திரியாயில துவங்கின பைத்தியம். ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில, பக்கத்து வளவில ஒரு அம்மா கருவாடு காயப்போட்டிட்டு, காகம் கலைக்கிறதுக்கு ஒரு ரக்கெட்டை வீசிக்கொண்டு நிண்டா. நரம்பு ஒண்டும் இல்ல, வெறும் வளையம். வாங்கிப் பாத்தன். ஒரு நீட்டு மரத்தை நீராவியில வளைச்சு, ஆணி ஒண்டும் இல்லாமப் பூட்டியிருக்கினம். மெக்கானிக்கின்ர கண் விழுந்துபோச்சு. கேட்டா, "அப்ப காகத்தை என்னத்தால கலைக்கிறது?" எண்டு அம்மா தர மறுத்திட்டா. அடுத்த கிழமை மின்சாரத்தில கொசு, நுளம்பு அடிக்கிற பட் ஒண்டைக் கொண்டுபோய்க் குடுத்தன், அவவுக்குப் புளுகம், சந்தோஷம் தாங்கேல்ல. அண்டையிலிருந்து இந்தத் திருகோணமலைச் சுத்துவட்டாரம் முழுக்க நுளம்பு பட் குடுத்து ரக்கெட் வாங்கிற விசரன் எண்டு எனக்கு ஒரு பேர். இப்ப ஹோல் சுவரில பதினொண்டு தொங்குது. மலர், அதான் என்ர மனிசி, வாற ஆக்களிட்ட "எங்கட வீட்டில பிள்ளையளின்ர படம் வைக்க இடமில்ல" எண்டு சொல்லாத நாளில்ல.

ரக்கெட்டின்ர வயசு கண்டுபிடிக்கிறது ஒரு தனி ருசி தம்பி. பேர் ஒட்டினதெல்லாம் எப்பவோ உரிஞ்சுபோயிருக்கும், அதை நம்ப ஏலாது. பிடியைப் பாக்கோணும். பிடியில தோல் சுத்தியிருந்தா பிந்தின காலம். தோல் இல்லாம, மரத்திலயே கோடு கோடா வெட்டியிருந்தா அதுக்கு முந்தினது. தலை முட்டை வடிவமில்லாம, மேல்பக்கம் சீவிவிட்ட மாதிரித் தட்டையா இருந்தா, அது எல்லாத்துக்கும் மூத்தது. அந்தத் தட்டைத்தலையை நான் படத்திலதான் கண்டனான். கனவிலயும் ரெண்டு மூண்டு தரம் கண்டனான், மலருக்குச் சொல்லேல்ல.

அப்பதான் அந்தப் பெட்டி வந்தது. துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிளப் கட்டடத்தை இடிச்சவை. வெள்ளைக்காரன் காலத்தில கட்டினது, அவன் போனாப்பிறகும் கனகாலம் எங்கட ஆக்கள் நடத்தினவை. இடிச்ச கொந்தராத்துக்காரர் எனக்குப் பழக்கம். "அண்ணே, உங்கட விசருக்கு ஒரு பெட்டி கிடக்கு" எண்டு லொறியில அனுப்பிவிட்டார். உள்ளுக்கு ஆறு ரக்கெட். நரம்பு முழுக்க எலி சாப்பிட்டு முடிச்சிட்டுது, அது ஆட்டுக்குடல்ல செய்யிறதெல்லோ, எலிக்கு விருந்து. ஆனா மரம் ஒண்டும் கோணேல்ல. ஏனெண்டா ஆறும் பிரஸ்ஸுக்குள்ள இருந்தது. பிரஸ் எண்டா ரெண்டு மரச்சட்டம், ரக்கெட்டின்ர தலையை நடுவில வைச்சு, நாலு மூலையிலயும் பித்தளைக் காதுநட்டு, அந்த ரெண்டு காது வைச்சு விரலால திருகிற நட்டு, போட்டு இறுக்கிறது. மாரி மழைக்கு மரம் ஈரம் குடிச்சு முறுகாம இருக்கத்தான்.

ஆறாவதைத் தூக்கினன். தட்டைத்தலை. தம்பி, நான் அப்பிடியே நிலத்தில இருந்திட்டன்.

ரெண்டு கிழமையால கிண்ணியாவில இருந்து ஒரு ரிஹானா டீச்சர் வந்தா, கையில தயிர்ச்சட்டி. ஐம்பது தாண்டின மனிசி, சிரிச்ச முகம். அவவின்ர வாப்பா, அதான் தகப்பன், அந்தக் கிளப்பில மாக்கரா இருந்தவராம். மாக்கர் எண்டா டெனிஸ் கோர்ட்டைக் கூட்டி, கோடு போட்டு, நரம்பு கட்டி, ஆள் குறைஞ்சா எதிர்ப்பக்கம் நிண்டு விளையாடியும் குடுக்கிறவர். ரக்கெட்டுகளைப் பிரஸ்ஸில போட்டுப் பாத்துக்கொள்ளுறதும் அவற்ற வேலைதான். அவர் மௌத்தாகி, அதான் காலமாகி, கனகாலம். பெட்டி என்னட்ட வந்ததைக் கொந்தராத்துக்காரரிட்டக் கேட்டறிஞ்சு வந்திருக்கிறா.

"அண்ணன், வாப்பாக்கெண்டு ஒரு ரக்கெட் இரிந்த. கிளப்பிலயேதான் வைப்பார். எங்கட வீடு சுனாமில போன. வாப்பாட படமும் போன, உடுப்பும் போன, அவர் எழுதின ஒரு துண்டுக் கடிதாசியும் இல்ல. என்ட வாப்பா இந்த உலகத்துல இரிந்தாரெண்டதுக்கு என்னட்ட ஒரு சாமானும் இல்ல அண்ணன். அது இந்தப் பெட்டிக்குள்ள இரிக்குமா?"

இஞ்சதான் நான் வெக்கப்படோணும். அவ வாறதுக்கு முன்னமே ஃபோன் எடுத்துச் சொல்லியிருந்தவ. நான் அந்தத் தட்டைத்தலையைப் பின்னறை அலுமாரிக்குப் பின்னால வைச்சிட்டன். ஒளிச்சனான் எண்டு சொல்லமாட்டன், தள்ளி வைச்சனான். அவவுக்குக் காட்டினது அஞ்சுதான். "ஏதாவது அடையாளம் ஞாபகமிருக்கோ டீச்சர்?" "நான் அப்ப சின்னப்பிள்ளை அண்ணன், பிடி கறுப்பா இரிக்கும்." உடன நான் பெரிய நிபுணர் மாதிரி ஒரு விளக்கம் குடுத்தன். மாக்கர் எண்டா சம்பளத்துக்கு நிக்கிறவர், விலைகூடின சாமான் அவரிட்ட வந்திராது, அப்ப இதுதான் எண்டு, தோல் சுத்திக் கறுப்பு டேப் ஒட்டின ஒரு மலிவான ரக்கெட்டைப் பிரஸ்ஸோட எடுத்துக் குடுத்தன். அடிச்சுச் சொன்னன் தம்பி. அரைவாசி நம்பித்தான் சொன்னனான். மற்ற அரைவாசி அலுமாரிக்குப் பின்னால நிண்டது.

அவ அதை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு போனா. தயிர் நல்ல கட்டித்தயிர். எனக்குத்தான் தொண்டையால இறங்கேல்ல.

அடுத்தநாள் மத்தியானம். வாடைக்காத்து துவங்கி, வானம் கறுத்துக்கொண்டு வருது. சாய்மனைக் கதிரையில கிடந்தன். பின்னறையில 'டிங்' எண்டு ஒரு சத்தம். மெல்லிசு. ரக்கெட்டின்ர நரம்பை விரலால சுண்டினா வருமே, அதே சத்தம். மலர் குசினியில கரண்டி விழுத்தினதாக்கும் எண்டு விட்டிட்டன். பின்னேரம் போய்ப் பாத்தா, அலுமாரிக்குப் பின்னால கிடந்த தட்டைத்தலையின்ர பிரஸ்ஸில மூண்டு நட்டு நல்ல இறுக்கம், நாலாவது, வலப்பக்கம் மேல் மூலையில இருந்தது, அரைச்சுற்றுத் தளர்வு. எனக்கு அரைகுறையா விட்ட நட்டைக் கண்டா கை கடிக்கும். இறுக்கிவிட்டன்.

அடுத்தநாளும் அதே நட்டு, அதே அரைச்சுற்று. இறுக்கினன். மூண்டாம் நாளும் அப்பிடித்தான்.

"மலர், நீர் இந்தப் பிரஸ்ஸைத் தொட்டனீரோ?"

"ஓம், எனக்குக் குசினி வேலை காணாதெண்டு உங்கட நட்டையும் திருகிக்கொண்டு திரியிறன்."

சரி, நட்டு தானாக் கழரும், அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். பழைய பித்தளை, புரி தேய்ஞ்சிருக்கும் எண்டு மனசைத் தேற்றினன். ஆனா எந்த நட்டும் ஒவ்வொரு நாளும் சரியா அரைச்சுற்று மட்டும் கழண்டிட்டு நிக்காது. அதனால ஒரு சோதனை வைச்சன். மலர் நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து, நாலு நட்டையும் இறுக்கி, ஒவ்வொண்டிலயும் சட்டத்தோட சேர்த்து ஒரு கோடு போட்டன், திருகினா கோடு விலகும். பிறகு நாலையும் ஒண்டரை ஒண்டரைச் சுற்றுக் கழட்டி, லொடலொட எண்டு விட்டன். யன்னலைப் பூட்டி, கதவைப் பூட்டி, திறப்பைச் சாரத்து மடியில செருகிக்கொண்டு, கதவுக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்தன். காலமை பத்து மணி. மலர் லிங்கநகரில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. கியூட்டெக்ஸ் குறைஞ்சதை அவ இன்னும் காணேல்ல, அது வேற பயம்.

பன்னிரண்டு மணி போல மழை பிடிச்சிட்டுது. ஓட்டில சோவெண்டு கொட்டுது. அந்தச் சத்தத்துக்குள்ளால உள்ளுக்க ஒரு சத்தம். கிறீச். பேந்து ஒரு சின்ன இடைவெளி. திரும்பவும் கிறீச். தம்பி, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், மரத்தில பித்தளை நட்டுத் திருகிற சத்தம். அதுவும் தெரியாத ஆள் திருகிற மாதிரி ஒண்டை முழுக்க முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகேல்ல. ஒரு மூலையில கொஞ்சம், பேந்து எதிர் மூலையில கொஞ்சம், மாறி மாறி. அப்பிடி இறுக்கினாத்தான் சட்டம் கோணாது, என்ர கைக்குக் கீழ வேலை பழகின பொடியங்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்லிக்குடுத்தது இதைத்தான். பயத்துக்குள்ளயும் 'ஆள் வேலை தெரிஞ்சவர்தான்' எண்டு மனம் சொல்லுது, என்ன மனமோ. கடைசியா 'டிங்'.

மடியில இருந்த திறப்பை இழுத்தெடுத்துப் பூட்டில போட்டன். திறந்தா ஒருத்தரும் இல்ல. யன்னல் பூட்டினபடி. நிலத்தில ஈரம் இல்ல, காலடி இல்ல. தட்டைத்தலை அலுமாரிக்குப் பின்னால இல்ல, அலுமாரிக்கு முன்னால, நிமிர்ந்து சாஞ்சு நிக்குது. மூண்டு நட்டிலயும் சிவப்புக் கோடு திரும்ப ஒட்டவைச்ச மாதிரிச் சரியாச் சேர்ந்திருக்கு. நாலாவதில கோட்டின்ர ஒரு துண்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருக்கு, அரைச்சுற்று. தொட்டுப் பாத்தன். அந்த மழைக்குளிரில பித்தளை நட்டு நாலும் இளஞ்சூடு. ஆரோ இப்பதான் விரலை எடுத்த மாதிரி. அப்பதான் அந்த 'டிங்' எனக்கு உறைச்சது. அந்த ரக்கெட்டில நரம்பே இல்லையே தம்பி! வெறும் வளையம் எப்பிடி டிங் எண்டும்?

நான் மழைக்குள்ளால முத்தத்துக்கு வந்து நிண்டன். மலர் வரும்வரைக்கும் உள்ளுக்குப் போகேல்ல. அவ வந்து, நான் நனைஞ்ச கோழியா நிக்கிறதைப் பாத்து, முழுக் கதையையும் கேட்டா. சிரிப்பா எண்டு நினைச்சன். சிரிக்கேல்ல.

"உண்மையைச் சொல்லுங்கோ. டீச்சருக்குக் குடுத்தது சரியான ரக்கெட்டுத்தானோ?"

நான் நனைஞ்ச சாரத்தைப் பிழியத் துவங்கினன்.

"நாளைக்குக் காலமை முதல் பஸ்," எண்டா.

கிண்ணியாவில டீச்சர் வீட்டுக்கு ரெண்டு பேரும் போனம். தட்டைத்தலை ஒரு உரப்பைக்குள்ள சுத்தி என்ர மடியில. பாலம் கடக்கேக்க கூட நான் கடலைப் பாக்கேல்ல, மடியைத்தான் பாத்துக்கொண்டு போனனான். டீச்சர் எங்களைக் கண்டு பெரிய சந்தோஷமாத் தேத்தண்ணி போட்டா. நான் எப்பிடித் துவங்கிறதெண்டு தெரியாம அவவின்ர கையையே பாத்துக்கொண்டிருந்தன். சீனிப்போத்தலைத் திறந்தா, கரண்டியால அள்ளினா, மூடியைத் திருகி இறுக்கினா. இறுக்கிப்போட்டு, அரைச்சுற்றுத் திருப்பிவிட்டா.

"டீச்சர், ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"எது? இதா?" அவ சிரிச்சா. "அது வாப்பாட பழக்கம் அண்ணன், எனக்கும் ஒட்டிக்கிட்டுது. எதையும் முழுசா இறுக்கமாட்டார். அடுத்ததாத் திறக்கிற ஆளுட கைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கணுமெண்டு செல்லுவார். உம்மா ஏசுவா, சீனிக்குள்ள எறும்பு போகுதெண்டு."

அதுக்கு மேல என்னால ஏலாமப் போச்சு. உரப்பையை அவிழ்த்து மேசையில வைச்சன். "டீச்சர், நான் உங்களுக்குப் பிழையான ரக்கெட்டைத் தந்திட்டன். கொஞ்சம் தெரிஞ்சுதான் தந்தனான். இதை உங்களிட்ட இருந்து மறைச்சு வைச்சனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ உரப்பையை மடிச்சு ஒரு பக்கத்தில வைச்சா. பேந்து மெதுவாச் சொன்னா. "நீங்க தந்தத வீட்ட கொண்டுவந்து புடிச்சுப் பாத்த உடனே எனக்குச் சந்தேகம் அண்ணன். வாப்பாட பிடியில தோல் இல்ல, வெறும் மரம், கை பட்டுக் கறுத்தது, வரி வரியா இரிக்கும், சின்னக் கைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும். ஆனா அதத் திருப்பித் தந்தா எனக்குத் திரும்ப ஒண்டுமே இல்லையே. அதான் அதையே வாப்பாடதெண்டு நினைச்சுக்கிட்டு இரிந்த."

தம்பி, ஏசியிருந்தாக்கூட எனக்குச் சுகமா இருந்திருக்கும். மலர் என்னை ஒரு பார்வை பாத்தா, அது காணும்.

டீச்சர் பிரஸ்ஸைக் கழட்டி, அந்தக் கோடு வெட்டின பிடியைப் பிடிச்சா. அவவின்ர பெருவிரல் போய் நிண்ட இடத்தில ஒரு சின்னப் பள்ளம் தேய்ஞ்சிருக்கு. நான் ரெண்டு கிழமை கண்ணாடி வைச்சுப் பாத்தும் அதைக் காணேல்ல. அவ அழுதா, அழுதுகொண்டே சிரிச்சா. "புதுசா ஒண்டும் அவருக்குக் குடுக்கமாட்டாங்களாம். ஆருக்கும் வேணாமெண்டு மூலையில கிடந்த பழசை எடுத்துக்கச் சொன்னாங்களாம்." அப்பதான் என்ர மண்டைக்குள்ள ஏறிச்சு. இண்டைக்கு நாங்கள் தேடி அலையிற சாமான் அண்டைக்கும் பெறுமதியா இருந்திருக்கும் எண்டு நினைக்கிறது எங்களைப் போலச் சேர்க்கிற விசரங்கள் விடுற பிழை. அண்டைக்கு அதுதான் குப்பை. அதனாலதான் அது மாக்கரிட்டப் போயிருக்கு.

பிழையான ரக்கெட்டை அவ திருப்பித் தந்தா. தயிர்ச்சட்டியும் தந்தா. அண்டைக்குத் தயிர் வடிவா இறங்கினது.

கதை இதோட முடிஞ்சுதெண்டுதான் நானும் நினைச்சன். அடுத்த பெரிய மழைக்கு அடுத்தநாள் பின்னறைக்குப் போனா, மிச்சமிருந்த அஞ்சு பிரஸ்ஸிலயும் மூண்டு நட்டு இறுக்கம், ஒண்டு அரைச்சுற்று. மலர் சொல்லுறா, "நல்லதுதானே, சம்பளமில்லாம ஒரு ஆள்." நானும் டீச்சருக்கு ஃபோன் எடுத்துச் சந்தோஷமாச் சொன்னன்.

"எங்கட வீட்ட வாறாரில்லையே அண்ணன்," எண்டா. குரல் சின்னப்பிள்ளையின்ர குரல் மாதிரி. "நான் மழைக்கு மழை நட்டைக் கழட்டி வைச்சிட்டுப் பாக்கிறன். ஒண்டுமே நடக்கல்ல." பேந்து தானே சிரிச்சிட்டுச் சொன்னா, "அவர் எப்பவும் அப்பிடித்தான். வேலை கிடந்தா வீட்ட மறந்திருவார். அங்கதானே அஞ்சு கிடக்கு."

நானும் மலரும் அவவை வரச்சொன்னம். போன மாரியில ஒருநாள், மழை வரும்போல இருந்த காலமை, டீச்சர் வந்தா. ஒரு போத்தலில இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்டீ, வாப்பாவுக்கு விருப்பமெண்டு. "உள்ளுக்க வைப்பமா அண்ணன்?" எண்டு கேட்டா. வெக்கத்தோடதான் கேட்டா. நான் தேத்தண்ணி போத்தலின்ர கழுத்து மட்டத்தில நிக்கிறதைப் பாத்து வைச்சு, மூடியை இருபத்தாறு வருஷக் கையால, கிரேன் நட்டு மாதிரி இறுக்கி, ரக்கெட்டுகளுக்குப் பக்கத்தில வைச்சன். பூட்டினன். கதவுக்கு முன்னால மூண்டு கதிரை. மழை வந்தது. கிறீச், கிறீச். டீச்சர் மலரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டா. டிங் எண்டு ஒவ்வொண்டா எண்ணினம், அஞ்சு. பிறகு கனநேரம் ஒண்டுமில்ல.

மழை விட்டாப்பிறகு திறந்தன். டீச்சர்தான் முதல்ல போய்ப் போத்தலைத் தூக்கினா. மூடியில விரல் வைச்ச உடன திரும்பிச்சு, அரைச்சுற்று. அவவின்ர கைக்கு மிச்சம் விட்டிருக்கு. போத்தலை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு "வாப்பா" எண்டு ஒருக்கா மட்டும் சொன்னா. பேந்து கண்ணைத் துடைச்சுக்கொண்டு, நிண்டபடியே முழுத் தேத்தண்ணியையும் குடிச்சா. போகேக்க அவவின்ர முகத்தைப் பாத்தவை ஆரும் அவ பெருநாளுக்குப் போறா எண்டுதான் நினைப்பினம்.

மூடி கழண்டதை விடுங்கோ. நட்டும் மூடியும் தானாக் கழரும், அதை நானேதான் முதல்ல சொன்னனான். ஆனா தம்பி, டீச்சர் வாயில வைக்கிறதுக்கு முன்னம் அந்தப் போத்தலை நான் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தனான். கழுத்து மட்டத்தில நிண்ட தேத்தண்ணி ஒரு மிடறு குறைஞ்சிருந்தது. வெளியில ஒரு சொட்டும் சிந்தேல்ல, நிலம் காய்ஞ்சு கிடந்தது. நான் டீச்சரைப் பாத்தன். அவ தேத்தண்ணியை ஒருக்கா ருசி பாத்திட்டு, "இஞ்சி கூடிப்போச்சு அண்ணன், அதான் மிச்சம் வைச்சிட்டார்" எண்டா.